சீட்டில் காணாமல் போன 400 கிலோ

"அண்ணே, இப்ப எல்லாமே வைஃபைதானே, இந்தக் கேபிள் பாடம் எதுக்கு?" என்று போன மாதக் கணினி வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். அன்றைக்கு நேரம் இல்லை, சிரித்து மழுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதில். ஏன்னா அதில் என் சித்தப்பா வருகிறார், ஜாசின் பக்கத்து செம்பனை ஆலை ஒன்று வருகிறது, செய்யாத தப்புக்குப் பேர் கெட்டுப்போக இருந்த ஓர் அக்காவும் வருகிறார்.

2003-ஆம் ஆண்டு. எனக்கு 19 வயது. ஜாசினில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. வேலை என்றால் பெட்டி தூக்குவது, கேபிள் இழுப்பது, முதலாளிக்குக் கோப்பி வாங்கி வருவது. சித்தப்பா குலை ஏற்றும் லோரி ஓட்டினார். சிறுதோட்டக்காரர்களிடம் குலை ஏற்றி ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவார். அவருக்கு டன் கணக்கில்தான் கூலி.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். லோரி குலையோடு எடைமேடையில் ஏறும். அது மொத்த எடை. கொட்டிவிட்டுக் காலி லோரியாக மறுபடி ஏறும். இரண்டையும் கழித்தால் குலையின் எடை. அந்த எண்ணை வைத்துத்தான் குலைக்காரருக்குக் காசு, லோரிக்காரருக்குக் கூலி, எல்லாமே. மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டகை. அதன் ஜன்னலில் சிவப்பு எழுத்தில் எடை தெரியும். ஆனால் சீட்டு அங்கே வராது. கொட்டகையிலிருந்து 70 மீட்டர் தள்ளி ஆபிஸ். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் கிராணி அக்கா உட்கார்ந்திருப்பார். அவர் பட்டனைத் தட்டினால் எடை கம்ப்யூட்டருக்குள் வந்து சீட்டு அச்சாகும்.

சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம். சட்டைப் பையில் 555 புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கும். ஜன்னலில் தெரியும் சிவப்பு எண்ணை லோரியிலிருந்தே பார்த்து அதில் எழுதிக்கொள்வார். ஒரு நாள் ஜன்னலில் 17,460. சீட்டில் 17,060. 400 கிலோவைக் காணோம். டன் 300 வெள்ளி என்று கணக்குக்கு வைத்தாலும் குலைக்காரருக்கு 120 வெள்ளி போச்சு. ஆபிஸில் போய்க் கேட்டார். மேலே இருந்தவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது."

கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதென்றால் யார் பண்ணுவார்? மனுசன்தானே. அங்கே இருந்த ஒரே மனுசி அந்த அக்கா. அவர் அதே தோட்டத்து லயத்தில் பிறந்து, எஸ்.பி.எம். முடித்து, வெயிலில் வேகாத வேலை கிடைத்ததே என்று வீட்டார் பெருமைப்பட்ட பெண். இரண்டே வாரத்தில் லயம் முழுக்கப் பேச்சு. "அவ கை வைக்கிறா." சித்தப்பா நம்பினார். எழுதவே கூச்சமாக இருக்கிறது, நானும் நம்பினேன்.

அந்த மாதக் கடைசியில் ஆலை பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று கடைக்கு அழைப்பு வந்தது. முதலாளி என்னை அனுப்பினார். சித்தப்பாவின் 555 புத்தகத்தையும் சீட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு மாதத்தில் ஏழு தடவை எண் பொருந்தவில்லை. ஜன்னல் எண் முதலில், சீட்டு எண் பிறகு:

17,460 – 17,060
18,720 – 18,320
16,280 – 16,080
15,980 – 15,180
17,340 – 17,740
16,060 – 16,460
18,250 – 18,258

கொஞ்ச நேரம் இதையே பாருங்கள். நான் பிரிண்டரைத் திறந்து போட்டுவிட்டு அரை மணி நேரம் பார்த்தேன்.

ஐந்தாவதும் ஆறாவதும் முதலில் கண்ணில் பட்டன. அங்கே சீட்டில் எடை கூடியிருக்கிறது. திருடுகிறவர் நமக்கு 400 கிலோ இனாம் தருவாரா? கடைசி எண் அதைவிட விசித்திரம். அந்த மேடை 10 கிலோ 10 கிலோவாகத்தான் எண்ணும், கடைசி இலக்கம் எப்போதும் 0. 18,258 என்ற எடையை அந்த மேடையால் சொல்லவே முடியாது. யாராவது கையால் திருத்தியிருந்தாலும் இப்படித் திருத்தியிருக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஓர் இலக்கம்தான் மாறியிருக்கிறது. அந்த இலக்கத்தில் வித்தியாசம் 4, 4, 2, 8, 4, 4, 8. ஒரு தடவைகூட 3 இல்லை, 5 இல்லை, 7 இல்லை. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு 2, 4, 8 என்றதும் மூக்கு வியர்க்கும்.

கம்பிக்குள் என்ன நடக்கிறது

கதையை இங்கே நிறுத்திப் பாடத்துக்கு வருவோம். கொட்டகையில் இருந்த எடைக்கருவியையும் ஆபிஸ் கம்ப்யூட்டரையும் இணைத்தது சீரியல் கேபிள். ஆர்.எஸ்.-232 என்று பெயர். 1960-இல் அமெரிக்காவில் உருவான தரம். பழைய கம்ப்யூட்டரின் பின்னால் 9 ஊசி வைத்த ஒரு சாக்கெட் இருக்குமே, அதுதான். ஒன்பது ஊசி இருந்தாலும் பேச்சுக்கு மூன்று போதும்: 2-ஆம் ஊசி கேட்க, 3-ஆம் ஊசி பேச, 5-ஆம் ஊசி இருவருக்கும் பொதுவான தரை. இரண்டு கம்ப்யூட்டரை நேருக்கு நேர் இணைத்தால் ஒருவர் வாய் இன்னொருவர் காதுக்குப் போக வேண்டும், அதனால் 2-ஐயும் 3-ஐயும் மாற்றிக் கட்டுவோம்.

சீரியல் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக. ஓர் எழுத்தின் பிட்டுகள் ஒற்றைக் கம்பியில் வரிசை பிடித்துப் போகும். 0 என்றால் கம்பியில் ப்ளஸ் வோல்ட், 1 என்றால் மைனஸ் வோல்ட். எழுத்துக்கு முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட். ஆக 8 பிட் எழுத்துக்கு 10 பிட் செலவு. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் 960 எழுத்துதான் போகும். ஒரு மெகாபைட் கோப்பை இதில் அனுப்பினால் 18 நிமிடம் ஆகும், போய்க் குளித்துவிட்டு வரலாம். எடை அனுப்ப இது தாராளம்.

கவனிக்க வேண்டியது இதுதான்: கம்பிக்கு எடை தெரியாது, எழுத்தும் தெரியாது. அதற்குத் தெரிந்தது வோல்ட் மட்டும். எந்த வேகம், எத்தனை பிட், சோதனை உண்டா இல்லையா, ஒரு செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இதெல்லாம் இரண்டு முனையில் இருப்பவர்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் ஓட்டை இருந்தால் கம்பி அதைச் சொல்லாது.

எண்கள் எப்படிப் போகும் என்று பாருங்கள். 4 என்ற இலக்கம் கம்பியில் 0110100. 0 என்ற இலக்கம் 0110000. இரண்டுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். 9600 வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஒரு மின்குத்து விழுந்தால் 1 போய் 0 ஆகும், அல்லது 0 போய் 1 ஆகும். 4 போய் 0 ஆகும், 7 போய் 3, 9 போய் 1, 2 போய் 0. மேலே உள்ள ஏழு வரியையும் இப்படிச் சரிபாருங்கள், ஏழும் ஒற்றை பிட் பிழைகள்.

அக்காவிடம் போய், "அக்கா, எப்பவாவது எரர் வருமா?" என்று கேட்டேன். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "வரும். எடைக்குப் பதிலா நடுவுல ஏதாவது எழுத்து வரும், சில நேரம் புள்ளி வரும். மறுபடி தட்டுவேன், சரியாயிடும். சொன்னேன், யாரும் கேட்கல" என்றார். மேல் பிட் புரண்டால் 4 என்ற இலக்கம் ஆங்கில எழுத்தாகிவிடும், அதை ப்ரோக்ராம் எண் இல்லை என்று தள்ளிவிடும். கீழ் பிட் புரண்டால் ஓர் எண் இன்னோர் எண்ணாகத்தான் ஆகும். ப்ரோக்ராம் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளும். அவர் "எரர்" என்று சொன்னது அத்தனையும் அதே நோயின் வெளியே தெரிந்த பாதி.

மறுநாள் முதலாளியைக் கூட்டிப் போனேன். அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஆபிஸிலிருந்து கொட்டகைவரை 70 மீட்டர். ஆர்.எஸ்.-232-க்குப் பழைய பரிந்துரை சுமார் 15 மீட்டர். அதுவும் போகட்டும், பாதி வழியில் அந்தக் கேபிள் குலை ஏற்றும் கன்வேயர் மோட்டாரின் கரண்ட் கேபிளோடு சேர்த்து வரிந்து கட்டியிருந்தது. மோட்டார் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் பக்கத்துக் கம்பிக்கு ஓர் உதை. யாரோ சுத்தமாக இருக்கட்டும் என்று அழகாகக் கட்டியிருக்கிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டப்படி அந்த மேடைக்கு முத்திரை இருந்தது. மேடையும் சரியாகத்தான் எடை காட்டியது. பிழை மேடைக்கும் சீட்டுக்கும் நடுவில்.

காவல் வைப்பது

முதலாளி முதலில் செய்தது இலவச வைத்தியம். எடைக்கருவியின் மெனுவில் பாரிட்டி என்று ஒன்று இருக்கும். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை 'இரட்டை' என்று மாற்றினார், கம்ப்யூட்டரிலும் மாற்றினார். இதன் வேலை எளிது. ஒவ்வோர் எழுத்திலும் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணு. ஒற்றைப்படை என்றால் கூட ஒரு 1 சேர், இரட்டைப்படை என்றால் 0 சேர். 4-இல் மூன்று 1 இருக்கிறது, அதனால் கூட ஒரு 1 போகும், மொத்தம் நான்கு. வழியில் ஒரு 1 தொலைந்தால் வந்து சேரும்போது மூன்றுதான் இருக்கும். ஒற்றைப்படை, தள்ளு. மாற்றிய அன்றே திரையில் எரர் எண்ணிக்கை கூடியது. மேலே இருந்தவர் பதறினார். "முன்னாடியும் இவ்வளவும் நடந்துச்சு, இப்பதான் கண்ணுக்குத் தெரியுது" என்றார் முதலாளி.

பாரிட்டிக்கு இடம் விட அந்தக் கருவியில் எழுத்துக்கு 7 பிட்தான் மிஞ்சும். ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் 7 போதும். தமிழுக்குப் போதாது. யூடிஎஃப்-8 முறையில் நம் 'அ' 224, 174, 133 என்று மூன்று பைட்டாகப் போகிறது. எட்டாவது பிட்டை வெட்டினால் 96, 46, 5 ஆகிவிடும். அதாவது ஒரு சாய்ந்த மேற்கோள் குறி, ஒரு புள்ளி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று. பழைய கருவி வழியாகத் தமிழ் அனுப்பி 'குப்பை' வந்தால் எழுத்துருவைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

பாரிட்டியிலும் ஓட்டை உண்டு. ஒரே எழுத்தில் இரண்டு பிட் புரண்டால் கணக்கு மறுபடி இரட்டைப்படை, பிழை தப்பிவிடும். அதனால் இரண்டாவது வைத்தியத்துக்குக் கொஞ்சம் காசு செலவானது. கொட்டகைக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டி வைத்தோம். எடைக்கருவியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஒரு முழம் சீரியல் கேபிள். பெட்டியிலிருந்து ஆபிஸுக்கு, மோட்டார் பக்கமே போகாமல், ஈதர்நெட் கேபிள். 90 மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே வந்தது. ஈதர்நெட்டின் எல்லை 100.

ஈதர்நெட் 1973-இல் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் இருவரும் சேர்ந்து உருவாக்கியது. ஒளி போக வெளியெங்கும் ஈதர் என்ற பொருள் நிரம்பியிருப்பதாக அந்தக் கால விஞ்ஞானிகள் நம்பினார்கள், பெயர் அதிலிருந்து. நம் ஐம்பூதத்தில் ஆகாயம் ஞாபகத்துக்கு வருகிறது, இல்லையா? முதலில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே தடித்த கேபிளில் தொங்கின. அதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்துப் பெரட்டே போதும். விடியற்காலையில் மண்டோர் ஒரு பெயரைக் கூப்பிடுவார். எல்லார் காதிலும் விழும், பெயருக்கு உரியவர் மட்டும் பதில் சொல்வார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு கணம் காத்திருந்து மறுபடி பேசுவார்கள். இப்போது நடுவில் ஸ்விட்ச் வந்துவிட்டதால் சத்தம் போட வேண்டியதில்லை, உரியவர் காதிலேயே போய்ச் சொல்லிவிடும்.

சீரியலில் வெறும் எழுத்துகள் ஓடுகின்றன. ஈதர்நெட்டில் உறை போட்டுத்தான் எதுவும் போகும். உறையின் மேல் பெறுபவர் முகவரி 6 பைட், அனுப்புபவர் முகவரி 6 பைட், உள்ளே இருப்பது என்ன வகை என்று 2 பைட். பிறகு சரக்கு, 46-இலிருந்து 1500 பைட்வரை. கடைசியில் 4 பைட் சோதனைக் கணக்கு. பாரிட்டி ஓர் எழுத்துக்குக் காவல் என்றால் இந்தக் கணக்கு முழு உறைக்கும் காவல். அடுத்தடுத்து 32 பிட்டுக்குள் எங்கே நாசமானாலும் பிடித்துவிடும். பிடித்த உறையைச் சத்தம் போடாமல் குப்பையில் போடும். மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்பது ஈதர்நெட்டின் வேலை இல்லை, அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் டி.சி.பி.-யின் வேலை. கேபிளும் வேறு சாதி: இரண்டிரண்டு கம்பியாக முறுக்கியிருக்கும். வெளியிலிருந்து விழும் உதை ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி விழும், பெறுபவர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் உதை கழிந்துபோகும்.

சீரியல் என்றால் பழைய சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். யூ.எஸ்.பி.-யின் நடு எழுத்து சீரியலைத்தான் குறிக்கிறது. ஈதர்நெட்டிலும் உறை உறையாகப் போவது பிட்டுகளின் வரிசைதான். நம் மலாக்கா கரையில் ஏறும் சீ-மீ-வீ 4 கடலடிக் கேபிள் 2005-இல் முடிந்தது, சுமார் 18,800 கிலோமீட்டர் நீளம். சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ்வரை போகும் வழியில் சென்னையிலும் கொழும்பிலும் கரையேறுகிறது. அந்தக் கண்ணாடி இழைக்குள்ளும் ஒளியின் துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகின்றன. உறையும் காவலும் அங்கேயும் உண்டு, இன்னும் கடுமையாக.

இதற்கு நேர்மாறாக, சீரியல் கம்பியிலேயே நெட்வொர்க் உறைகளை அனுப்பிய காலமும் உண்டு. மோடம் கத்திக்கொண்டே ஜாரிங்கில் ஏறியது உங்கள் அண்ணன் அக்காமாருக்கு ஞாபகம் இருக்கும். 1988-இல் ஸ்லிப் என்று ஓர் எளிய ஒப்பந்தத்தை எழுதி வைத்தார்கள். உறை முடிந்தால் 192 என்ற பைட்டை அனுப்பு. சரக்குக்குள்ளேயே 192 வந்தால் அதற்குப் பதில் 219, 220 என்று இரண்டை அனுப்பு. சரக்கில் 219 வந்தால் 219, 221. அவ்வளவுதான். எல்லை போட்டார்கள், ஆனால் சோதனைக் கணக்கு வைக்கவில்லை. பின்னால் வந்த பி.பி.பி. அதையும் சேர்த்தது.

வீட்டில் செய்து பார்க்க

இரண்டு லேப்டாப்பும் ஒரு ஈதர்நெட் கேபிளும் போதும். இணையமே வேண்டாம். இப்போதைய கருவிகள் வாயையும் காதையும் தாங்களே மாற்றிக்கொள்ளும், குறுக்குக் கேபிள் தேடி அலைய வேண்டாம். இரண்டிலும் வைஃபையை அணையுங்கள். நெட்வொர்க் அமைப்பில் ஒன்றுக்கு 192.168.1.1, மற்றதற்கு 192.168.1.2, இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0 என்று கையால் எழுதுங்கள். பிறகு முதல் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டாவதின் எண்ணுக்குப் பிங் கொடுங்கள். பதில் வரவில்லையா, பாதித் தடவை ஃபயர்வால்தான் காரணம். 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், முகவரி கொடுக்க ஆள் இல்லாமல் கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். பதில் வந்ததும் ஒரு பெரிய கோப்பை அனுப்பி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கோப்பை வைஃபையில் அனுப்புங்கள். இரண்டு எண்ணையும் எடுத்துக்கொண்டு அந்தத் தம்பி வகுப்புக்கு வரட்டும், மீதியைப் பேசலாம்.

ஆலை ஏழு சீட்டையும் திருத்திக் கொடுத்தது. கூடுதலாக வந்த இரண்டையும் சித்தப்பா தானாகவே சொல்லிக் கழித்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் ஆபிஸ் கவுண்டருக்குப் போய் நின்றார். நான் பக்கத்தில் இருந்தேன். "தப்பா பேசிட்டேம்மா" என்றார். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. சீட்டைக் கிழித்து நீட்டி, "எண்ணைப் பாத்துக்குங்க மாமா" என்றார். லயத்தில் பேசிய மற்றவர்கள் யாரும் அவரிடம் போனதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வகுப்புக்கு ஒரு கணக்கு. ஜன்னலில் 19,650, சீட்டில் 19,250. இன்னொரு நாள் ஜன்னலில் 15,330, சீட்டில் 15,630. 3 என்பது 0110011, 6 என்பது 0110110, 2 என்பது 0110010. இந்த இரண்டில் பாரிட்டி எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?